எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்த வியாழக்கிழமை

ஏப்ரல் 3, வியாழன்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசாக வந்த நோட்டு இது. முதல் பரிசு டிபன் பாக்ஸ். எனக்கு இரண்டாம் பரிசுதான் பிடித்தது என்றால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அதுவும் உண்மை.

என் பெயர் சுபிக்ஷா. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. அப்பா பெயர் பெரியண்ணன். பண்ணைகளில் முட்டை ஏற்றிக் கடைகடையாகப் போடும் டெம்போ ஓட்டுகிறார். அம்மா கோகிலா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள்.

அப்பா நேற்று டவுனுக்குப் போய் ஒரு சின்ன ஆபரேஷன் செய்துகொண்டு சாயங்காலமே திரும்பிவிட்டார். "யாராவது கேட்டா தொடையில கட்டி, கீறி எடுத்தாங்கன்னு சொல்லு" என்றாள் அம்மா. கட்டியைக் கட்டி என்று சொல்வதற்கு எனக்கு எதற்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்று யோசித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். இரண்டு கணக்கு தப்பு.

ஏப்ரல் 4, வெள்ளி

அப்பா வேட்டியின் முன்பக்கத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி நடக்கிறார். வண்டிக்கு இரண்டு வாரம் லீவு.

பழனிவேல் சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. பக்கத்துத் தெருவில் இருந்தாலும் காரியம் இல்லாமல் வர மாட்டார்.

"என்னண்ணா, தொடையில கட்டிங்கற. முட்டை மேல நடக்கறவனாட்டம் நடக்கற?"

"முட்டைக்காரன் வேற எப்படி நடப்பான்" என்றார் அப்பா.

"கரகம் தூக்க முடியுமா? முடியலன்னா இப்பவே சொல்லு. பங்காளின்னு நான் ஒருத்தன் இருக்கறேன்."

"நான் இன்னும் சாகலடா."

சித்தப்பா காபி குடிக்காமல் போய்விட்டார். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குச் சக்திக் கரகம் எடுப்பது எங்கள் வீடு. தாத்தா எடுத்தார், இப்போது அப்பா. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் தனக்கும் தர வேண்டும் என்பது சித்தப்பாவின் கேஸ். கோர்ட்டில் அல்ல, டீக்கடையில்.

ஏப்ரல் 5, சனி

கட்டு மாற்ற அப்பாவும் அம்மாவும் டவுனுக்குப் போய்வந்தார்கள். அப்பா எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வந்தார், எனவே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அம்மா வெங்காயம் அரியும்போது டாக்டர் சொன்னதை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே அரிந்தாள்: தண்ணி படக்கூடாது. சர்க்கரை மாத்திரை விடக்கூடாது. வர்ற வியாழக்கிழமை கண்டிப்பா வரணும். காய்ச்சலோ நாத்தமோ வந்தா அப்பவே வரணும்.

எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கொல்லையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"பூசாரிகிட்ட சொல்லிடுங்க. உடம்பு முடியலன்னா அம்மன் கோவிச்சுக்காது."

"என்னன்னு சொல்லட்டும்? சர்க்கரையில தோல் இறுகிப் போச்சு, பாய் வீட்டுப் பசங்களுக்குப் பண்றத இந்த வயசுல பண்ணிட்டு வந்தேன்னு கூட்டத்துல நின்னு சொல்லட்டுமா? அதுக்கப்புறம் எந்தக் கடையில நின்னு நான் முட்டை போடுவேன்? பழனிவேல் ஒருத்தன் போதும். ஆயுசு பூராப் பாட்டுக் கட்டிப் பாடுவான்."

நான் உரித்த கடலையைத் தோலோடும் தோலைக் கடலையோடும் போட்டு வைத்திருந்தேன். திரும்பப் பொறுக்க வேண்டியதாயிற்று.

என் வகுப்பு ரிஸ்வானாவின் தம்பிக்குப் போன டிசம்பரில் அதைச் செய்தார்கள். மாலை போட்டு, புதுச் சட்டை போட்டு, தெருவுக்கே பிரியாணி. நானும் போய் அவனுக்குக் கலர் பென்சில் டப்பா கொடுத்துவிட்டு வந்தேன். அவன் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். அங்கே மாலை போட்டுச் செய்ததை இங்கே கதவைச் சாத்திக்கொண்டு மறைக்கிறார்கள்.

கேட்டதை எழுதிவிட்டேன். அதன் பெயரை எழுதவில்லை. பெயரை எழுதாதது குறைத்து எழுதுவதாகுமா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று காப்புக் கட்டு. வீரமுத்துப் பூசாரி மஞ்சள் துண்டு கோத்த நூலை அப்பாவின் வலது மணிக்கட்டில் கட்டினார். பறை அதிர்ந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அம்மா அவரையே பார்த்தாள். சித்தப்பாவும்.

காப்புக் கட்டிவிட்டால் கரகக்காரருக்கு நிறைய விதிகள். காலையும் மாலையும் கிணற்று நீரில் மஞ்சள் கலந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு கோயிலைச் சுற்ற வேண்டும். ஒருவேளைச் சாப்பாடுதான். அடுத்த புதன்கிழமை காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லைக் கல்லைத் தாண்டவே கூடாது. தாண்டினால் தாண்டினவருக்கும் ஊருக்கும் ஆகாது என்பார்கள்.

டவுன் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வியாழக்கிழமையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

சமூக அறிவியல் பரீட்சை. நன்றாக எழுதினேன். அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். வெறும் வயிற்றில் போட்டால் தலை சுற்றுகிறதாம்.

ஏப்ரல் 10, வியாழன்

கிளினிக்கிலிருந்து போன் வந்தது. அப்பா எடுக்கவில்லை. மறுபடி வந்தபோது அம்மா எடுத்து, "வர்றோமுங்க, ஒரு சின்ன விசேஷம், முடிச்சுட்டு வர்றோமுங்க" என்றாள்.

பிறகு அப்பாவிடம், "டாக்டர இங்க வரச் சொல்லிப் பாக்கலாமுங்களா?" என்றாள்.

"டாக்டர் காரு நம்ம வாசல்ல நின்னா, ஊரே நம்ம வாசல்ல நிக்கும்."

வாசலில் டெம்போ மட்டும் நின்றது. எல்லைக் கல் எங்கள் வீட்டு மாடியில் ஏறினால் தெரியும். மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன். முழங்கால் உயரம்தான். நானே தாண்டிக் குதிப்பேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அம்மா அப்பாவின் வேட்டிகளைத் தனியாகத் துவைக்கிறாள். நான் பிழியப் போனால் கையைத் தட்டிவிடுகிறாள். "எல்லாம் மஞ்சத் தண்ணிக் கறை" என்றாள். மஞ்சள் எல்லாக் கறையையும் தன் கறை என்று ஒப்புக்கொள்கிறது.

வீட்டுக்குள் ஒரு நாற்றம். எங்கள் வீட்டில் அழுகிய முட்டை நாற்றம் யாருக்கும் புதிதில்லை. ஆனால் வண்டி ஒரு வாரமாகக் காலி.

ஏப்ரல் 12, சனி

அப்பா காலையில் கோயிலைச் சுற்றும்போது இரண்டு இடத்தில் நின்றார். ஜனங்கள் அம்மன் அருள் இறங்குகிறது என்று கும்பிட்டார்கள். அப்பாவின் பற்கள் தந்தியடிப்பதை நான் பார்த்தேன். கையைத் தொட்டேன், வடைச்சட்டி மாதிரி சுட்டது.

ரிஸ்வானாவிடம் நோட்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அது பொய். ரிஸ்வானா வீட்டில் இல்லாததும் நல்லதாகப் போயிற்று. அவள் அம்மா ஹபீபா அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்காது என்று நினைத்திருந்தேன். இருந்தது. ஆனால் கேட்க முடிகிற கூச்சம்.

"அத்தை, தம்பிக்குப் பண்ணினாங்களே, அது ஆற எத்தன நாள் ஆச்சு?"

"ஒரு வாரத்துல தெருவுல பந்து விளையாடினான். ஏம்மா?"

"பெரியவங்களுக்குப் பண்ணினா?"

அத்தை பூண்டைக் கீழே வைத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

"கொஞ்சம் கூட நாளாகும். சர்க்கரை இருக்குதா?"

"இருக்குது. தினம் தண்ணி ஊத்திக்கிறாங்க. மாத்திரை போடல. காய்ச்சல் அடிக்குது. நாத்தம் வருது."

"யா அல்லா" என்றார் மெதுவாக. "சுபி, இங்க பாரு. இது வெக்கப்படற விஷயம் இல்ல. ஆனா இது காத்திருக்கற விஷயமும் இல்ல. எங்க பெரியப்பாவுக்குச் சர்க்கரையில கால்ல வந்துச்சு. நாத்தம் வந்தப்புறம் நல்ல நாள் பாத்துக்கிட்டிருந்தாங்க." மீதியை அவர் சொல்லவில்லை. "அவுங்க வர்றேன்னா, எங்க வண்டியில நான் கூட்டிட்டுப் போறேன். யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செவ்வாக்கிழமை கரகம், புதன்கிழமை காலையில நூல அவுத்துடுவாங்க. அப்பறம் அந்த நிமிஷமே போயிடலாம் கண்ணு. இத்தன நாள் காப்பாத்தின அம்மன் இன்னும் நாலு நாள் காப்பாத்தாதா?"

நான் இத்தனை நாள் அம்மன் காப்பாற்றியதாக நினைக்கவில்லை. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நான் இன்று செய்ததை எழுதக் கை வரவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

டவுன் பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷன் அறைக்கு வெளியே இரும்பு பெஞ்சு. இன்று தமிழ் வருடப்பிறப்பு. யாரோ ஒரு நர்ஸ் எல்லாருக்கும் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுப் போனார். சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அதைக் கீழே வைத்துவிட்டாள்.

நேற்றைய உண்மையை எழுதுகிறேன்.

நேற்று காலை அப்பா எழுந்து நிற்கவில்லை. என்னைப் பார்த்து, "முட்டை அட்டைய எண்ணிட்டியா, பத்து அட்டை குறையுது" என்றார். வண்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தாள். "புதன்கிழமை, புதன்கிழமை" என்றுதான் சொன்னாள்.

காப்பை ஒருவர் கையிலிருந்து அவிழ்த்து இன்னொருவர் கையில் கட்டலாம். இது எனக்குத் தெரியும். தாத்தா படுக்கையில் விழுந்த வருடம் அப்படித்தான் அப்பாவுக்கு வந்தது. ஆனால் வாங்கிக்கொள்பவர் பங்காளியாக இருக்க வேண்டும். எங்களுக்கு இருக்கும் பங்காளி ஒரே ஒருவர்.

சித்தப்பா கோயில் பந்தலில் ஏணி மேல் நின்று சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, கீழ வாங்க."

"என்னம்முணி, உங்கொப்பன் விளக்கையும் அவந்தான் கட்டுவேன்னுட்டானா?"

"கீழ வாங்க."

இறங்கி வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொடையில் கட்டி இல்லை என்று சொன்னேன். ரிஸ்வானா தம்பிக்குச் செய்ததை அப்பாவுக்குச் செய்தார்கள், சர்க்கரை நோயால் செய்தார்கள், வியாழக்கிழமை போகவில்லை, இப்போது அழுகுகிறது என்று சொன்னேன். ஒரு ஆணிடம், அதுவும் சித்தப்பாவிடம், இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தரையில் ஒரு சிவப்பு பல்பு கிடந்தது.

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் முதலில் சுற்றும் முற்றும் பார்த்தார், யாராவது கேட்டார்களா என்று.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"ஹபீபா அத்தைகிட்ட."

"இந்தக் கருமத்தையா மறைச்சான்" என்றார். "கட்டின்னானே, முட்டை மேல நடக்கறன்னேனே." செருப்பைத் தேடினார். காலிலேயே இருந்தது.

பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். காரணம் சொல்லவில்லை, உடம்பு முடியவில்லை என்று மட்டும் சொன்னார். அப்பா அவர்களைப் பார்த்ததும் தெளிந்துவிட்டார். அதுதான் கொடுமை. அதுவரை முட்டை எண்ணிக்கொண்டிருந்தவர், சித்தப்பாவைப் பார்த்ததும் கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"அண்ணா, கையக் குடு. ஆஸ்பத்திரி போலாம். நூல நான் வாங்கிக்கறேன்."

"இதுக்குத்தான்டா காத்திருந்த."

"ஆமா, காத்திருந்தேன். இப்படி வரோணும்னு காத்திருக்கல."

பூசாரி சொன்னார், "பெரியண்ணன் தன் வாயால விட்டேன்னு சொல்லோணும். அப்பத்தான் அவுக்கலாம். நானாத் தொடக்கூடாது."

அப்பா சொல்லவில்லை. கையை இறுக்க மூடிக்கொண்டார். நூல் தோலுக்குள் பதிந்தது. அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். அறை முழுக்க அந்த நாற்றம். பூசாரி துண்டால் மூக்கை மூடவில்லை. மூடாமல் இருக்க அவர் கஷ்டப்பட்டது தெரிந்தது.

கட்டு மாற்றுவதற்கு அம்மா வாங்கி வைத்திருந்த சின்னக் கத்திரிக்கோல் ஜன்னல் மேல் இருந்தது. நான் எடுத்தேன். அப்பாவின் மணிக்கட்டில் நூலுக்கு அடியில் நுழைத்தேன். அறுத்தேன். மஞ்சள் துண்டு கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று.

பிறகு பூசாரி, "அவுத்தா இன்னொருத்தர் கட்டலாம். அறுத்தத யாரும் கட்ட முடியாது தாயி" என்றார். திட்டவில்லை. செய்தி சொல்வது போலச் சொன்னார்.

அப்படியென்றால் சித்தப்பாவுக்கும் இல்லை. இது எனக்கு அறுக்கும்போது தெரியாது.

சித்தப்பா என்னையே பார்த்தார். இத்தனை வருடம் காத்திருந்தது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "வண்டிச் சாவி எங்க?" என்றார்.

முட்டை டெம்போவில் பின்பக்கம் வைக்கோல் பரப்பி அப்பாவைப் படுக்கவைத்தோம். எல்லைக் கல் வந்தபோது நான் பார்த்தேன். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதற்கு அப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, "சதை அழுகி உள்ள பரவியிருக்கு. அழுகினதெல்லாம் வெட்டி எடுக்கணும். உயிருக்கு உத்தரவாதம் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, "முதல்ல பண்ணின இடத்துல வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்களே, ஏன் போகல?" என்று கேட்டார்.

அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா சுவரைப் பார்த்தார்.

"காப்புக் கட்டியிருந்தாங்க" என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். அப்பாவின் மேல் நிறைய குழாய்கள். நாளை மறுபடி வெட்டி எடுப்பார்களாம். சர்க்கரை இறங்கவில்லை.

இன்று கரகம். எங்கள் வீட்டுக் கரகத்தை இந்த வருடம் யாரும் எடுக்கவில்லை. கருவறையிலேயே வைத்துப் பூசை செய்துவிட்டார்களாம்.

ஏப்ரல் 16, புதன்

ஊரில் பேசுவதைச் சித்தி போனில் அம்மாவிடம் சொன்னாள். பெண்பிள்ளை காப்பை அறுத்தாள், அதனால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்கிறார்களாம். அறுப்பதற்கு முன்னாலேயே இப்படி ஆகியிருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

அப்பா பிழைத்தால் அம்மன் மன்னித்தாள் என்பார்கள். பிழைக்காவிட்டால் நான் கொன்றேன் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் வியாழக்கிழமையைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை.

அம்மா என் தலையைப் பின்னிவிட்டாள். மிகவும் இறுக்கிப் பின்னினாள். வலித்தது. வலிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அறிவியல் பரீட்சை. போகவில்லை.

ஏப்ரல் 19, சனி

அப்பாவை இரண்டு கட்டில் போட்ட அறைக்கு மாற்றிவிட்டார்கள். கஞ்சி குடித்தார். காய்ச்சல் குறைந்திருக்கிறது, ஆனால் திங்கட்கிழமை இன்னொரு முறை உள்ளே கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். "பயப்படாதீங்க" என்று அவர் இதுவரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கட்டு மாற்ற வரும்போது நான் வெளியே போய்விடுகிறேன். திரும்பி வந்தால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறார். காப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு. அதற்கு மேலே ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் கேட்கிறார். நான் டம்ளரை நீட்டினால் மேசையில் வைக்கச் சொல்லிக் கண் காட்டுகிறார்.

அடுத்த கட்டிலில் ஒரு லாரி புரோக்கர். பெயர் சின்னராசு. சர்க்கரையில் கால் விரல் புண். விடாமல் பேசுகிறவர். என் நோட்டைப் பார்த்து, "பாப்பா என்ன, ஆஸ்பத்திரி பில்லா எழுதுது?" என்றார். சாயங்காலம் அம்மா வெந்நீர் பிடிக்கப் போயிருந்தபோது அப்பாவைக் கேட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கு என்ன ஆபரேஷனுங்க?"

நான் வேகமாக, "தொடையில கட்டிங்க" என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

அப்பா சுவரிலிருந்து திரும்பினார். கொஞ்ச நேரம் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கட்டி இல்லைங்க. சுன்னத்து" என்றார். "சர்க்கரையில தோல் இறுகிப் போச்சு. அதுக்குப் பண்ணினாங்க."

சின்னராசு முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினார். போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் போன தீபாவளிக்கே பண்ணச் சொன்னாங்க" என்றார், குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "மாமனாருக்குத் தெரிஞ்சா சிரிப்பாரேன்னு போகல."

"போங்க" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. "பண்றது பெருசில்லைங்க. அரை நாள் வேலை. அதுக்கப்புறம் அவங்க ஒரு தேதி சொல்லுவாங்க. அந்தத் தேதிக்குப் போங்க. எந்தச் சாமி மறிச்சாலும் போங்க."

மின்விசிறி சுற்றியது. நான் அந்தச் சொல்லை இந்த நோட்டில் இப்போதுதான் முதல்முறையாக எழுதியிருக்கிறேன், அதுவும் அப்பா சொன்னதால்.

அம்மா தரையில் பாய் விரித்துத் தூங்கிவிட்டாள். சின்னராசு குறட்டை விடுகிறார். அப்பாவும் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது பேசினார்.

"சுபி. எழுதினது போதும் கண்ணு. லைட்ட நிறுத்து."

நிறுத்திவிட்டேன். இந்த வரி கோணலாகத்தான் இருக்கும்.